எம்பொண்டாட்டியத் தொரசானியாக்கின பேத்திக்கு

ஏ புள்ள, இந்தப் படத்துல இருக்கிற அம்மா யாரு? நல்ல வசதியான எடத்துப் பொம்பளையாத் தெரியுது. செவத்த தோலு, கன்னத்துல ரோசாப்பூக் கலரு, நெத்தியில ஒரு சுருக்கம் கெடையாது. சேலைய மட்டும் எங்கயோ பார்த்திருக்கேன். போன தீவாளிக்கு நான் றக்வான டவுன்ல வாங்கிக் குடுத்து, கலரு புடிக்கலைன்னு ஒங்க அப்பாயி மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாளே, அந்தச் சேலை. அதை யாரு இந்தத் தொரசானிக்குக் கட்டி விட்டது?

"அப்பாயிதான் தாத்தா"ங்குற. சரி, ஒத்துக்கிறேன். இத்தன காலமா ஒரே காம்பராவுல குடும்பம் நடத்தியும் எனக்கு அடையாளம் தெரியலைன்னா, கண்ணுல பொறை விழுந்திருக்கும். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதி வாங்கணும்.

போன்ல புடிச்ச போட்டோவப் பார்த்து வரஞ்சேன்னு சொன்னியே, வெவகாரம் அங்கதான் ஆரம்பிக்குது. அந்தப் போன் படம் புடிக்கும்போதே மூஞ்சிக்குப் பவுடர் அப்பிருது. கேக்காமலே சுருக்கத்த நீவி விட்டுருது. கூடைக் கயிறு காலம் பூராவும் அழுத்தி ஒங்க அப்பாயி உச்சந்தலையில ஒரு தடம் கெடக்கே, முடி கூட அந்த எடத்துல ஒழுங்கா மொளைக்காதே, அது எங்க? போன் மறைச்சிருச்சு. போன் மறைச்சத நீ பென்சில்ல இன்னும் கொஞ்சம் மறைச்சிட்ட. பல்லு வேற பளபளன்னு இருக்கு. வெத்தல போடுற வாயி தாயி அது. அந்தப் பல்லு அவளுக்கு எப்ப இருந்துச்சுன்னு எனக்கே ஞாபகமில்ல.

அந்தப் பெட்டிய இப்பிடிக் குடு பாப்போம். இது என்னா, இந்த வெளிர் ரோஸ் பென்சிலு மட்டும் பாதியாத் தேஞ்சு கெடக்கு? "தோல் கலர் தாத்தா." யாரு தோலு? இந்த லயத்துல ஒரு காம்பரா விடாம கதவத் தட்டிப் பாரு, இந்தக் கலர்ல ஒரு ஆள் கெடைச்சா நான் மீசைய எடுத்துர்றேன். இது நம்ம ஊருக் கூத்து மட்டும் இல்ல. அமெரிக்காவுல கிரேயோலான்னு மெழுகுக் கலர்க் கம்பெனி. அவன் இந்த ரோசுக்குச் 'சதை'ன்னே பேரு போட்டு வித்துக்கிட்டு இருந்தான். 1962-லதான் 'பீச்'சுன்னு ஒரு பழத்துப் பேரா மாத்தினான். கொடாக் கம்பெனிக்காரனும் சளைச்சவன் இல்ல. ஷெர்லி அட்டைன்னு, ஒரு வெள்ளக்காரப் பொண்ணு படத்த வச்சித்தான் ஸ்டூடியோக்காரங்க கலரு சரியா வருதான்னு பார்த்தாங்க. அவ மூஞ்சிக்குச் சரியா வந்தா உலகத்துக்கே சரியா வந்த மாதிரிக் கணக்கு. நம்ம ஆளுங்க கல்யாணப் போட்டோவுல மாப்பிள்ளைக்குப் பல்லும் சட்டையும் மட்டும் தெரிஞ்ச கதை இப்பப் புரியுதா? இதெல்லாம் நீயே போன்ல வாசிச்சுக் காட்டினதுதான். வாசிச்சிட்டு அதே ரோசு பென்சிலத் தேச்சிருக்க பாரு, அந்தத் தைரியம் எனக்குப் புடிச்சிருக்கு.

தாத்தனுக்கு என்னா தெரியும்னு நெனைக்காத. பள்ளிக்கூடம் எனக்கு அஞ்சாம் வகுப்போட முடிஞ்சுது. ஆனா மாசி மாசம் காமன் கூத்துக்கு அரிதாரம் பூசுன கை இது. மதன், ரதி, தூதன், எமன், வீரபத்திரன் எல்லாருக்கும் நான் போட்டதுதான் மூஞ்சி. ரதி வேசம் கட்டுற பய ஒருத்தன் விடாம ஒரே பாட்டுப் பாடுவான்: "அண்ணே, இன்னும் கொஞ்சம் செவப்பா." பகல் பூராவும் மலையில முள்ளுக் குத்திட்டு, ராத்திரி செவப்பா வேணுமாம். கூத்துல அது சரி. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல, தூரத்துல குந்தியிருக்கிற கெழவிக்கும் ரதி தெரியணுமில்ல. நீ போடுறது கூத்து இல்ல. அசலா இருக்கணும்னு சொல்லிக்கிட்டு வேசம் கட்டினா எப்பிடி?

மொதல்ல அந்தக் கருப்புப் பென்சில எடுத்து எங்கிட்டக் குடு. திருப்பிக் கேக்காத. ஒங்க அப்பாயி கருப்புதான். அதைச் சொல்றதுக்கு எனக்கு ஒரு வெக்கமும் இல்ல, அந்தக் கருப்பப் பார்த்துதான் பொண்ணு கேட்டுப் போனேன். ஆனா இந்தப் பென்சில்ல இருக்கிற கருப்பு அவ மூஞ்சியில எங்கயும் இல்ல. பழுப்பு மேல இதைத் தேச்சா தோலு செத்துப்போகும், அடுப்புக்கரி பூசுன கணக்காத்தான் நிக்கும். இருட்டு வேணும்னா கருநீலம் கொஞ்சம், அதுக்கு மேல கரும்பழுப்பு, அதுக்கு மேல மெரூன். ஒண்ணு மேல ஒண்ணா, கை அழுத்தாம, லேசா. ஒவ்வொரு தட்டுக்கும் அடியில இருக்கிறது கொஞ்சம் எட்டிப் பார்க்கணும். அப்பத்தான் தோலுக்குள்ள ரத்தம் ஓடுறது தெரியும். கழுத்து நெழல்ல கொஞ்சம் ஊதா போட்டுப் பாரு. ஊதாவான்னு வாயப் பொளக்காத. போட்டுட்டுப் பேசு.

வெளிச்சத்தையும் கவனி. நம்மூருல சூரியன் வேலைக்கு வர்றதே அபூர்வம், சிங்கராஜாக் காட்டுக்குக் கெழக்கால கெடக்கோம். பாதி நாளு மேகமூட்டம். காலம்பற இஸ்தோப்புல அப்பாயிய உக்கார வச்சியானா, நெத்தி, மூக்குத்தண்டு, கன்னத்து மேடுன்னு வானத்தப் பார்த்திருக்கிற எடமெல்லாம் ஒரு மங்கல் நீலத்த வாங்கும். தாடைக்கு அடியில சேலைக் கலரு ஏறும். அதனாலதான் அந்தச் சேலை வேணாம்னு அவ சொன்னாளோ என்னமோ. காதுமடலுக்குப் பின்னால வெளிச்சம் வந்தா அது உள்ளுக்குள்ள செவக்கும். இதே கெழவிய சாயங்காலம் அடுப்படியில உக்கார வச்சா எல்லாம் தலைகீழு. வெளிச்சம் மஞ்சளு, நெழலு நீலம். ஒரே மூஞ்சிதான், ரெண்டு பெட்டிப் பென்சில் வேணும். கொழுந்துப் பச்சைக்கும் முத்தெலைப் பச்சைக்கும் நிரையில நிக்கிறவ கண்ணு எப்பிடி வித்தியாசம் காணுதோ, அப்பிடிப் பழுப்புக்குள்ள ஒரு பத்துப் பழுப்பு ஒனக்குத் தெரியணும். கொழுந்தெடுத்த பரம்பரைக்கு இது கூடத் தெரியலைன்னா வெளிய சொல்லாத.

அளவு? பாதகமில்ல, ஆனா கண்ண ரொம்ப மேல வச்சிட்ட. எல்லாரும் செய்யிற வேலைதான். உச்சந்தலையிலருந்து நாடி வரைக்கும் அளந்தா கண்ணு பாதியில கெடக்கும். நம்பிக்கை இல்லாட்டி ஒங்கண்ணன் தலைய அளந்து பாரு, உள்ள ஒண்ணும் இல்லாததால அளக்க லேசு. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இன்னொரு கண்ணு வைக்கிற எடம். முழியோட வெள்ள வெள்ளையா இருக்காது, இமை நெழலு அதுல விழும். அதைப் பளிச்சுன்னு விட்டா பேய் புடிச்ச பார்வை. வெள்ளப் பென்சில எடுக்க வேண்டியது ரெண்டே எடத்துக்கு. கருமணியில ஒரு புள்ளி, மூக்குத்தியில ஒரு புள்ளி. பக்கத்துல நல்ல இருட்டு இருந்தாத்தான் அதுவும் மின்னும். சுருக்கத்தக் கோடாப் போடாத. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் வெளிச்சம் படுற கரை ஒண்ணு, இருட்டுக் கரை ஒண்ணு.

கல்லு யாவாரிங்களப் பார்த்திருக்கியா? நீலக்கல்லக் கையில வாங்கினா பகல் வெளிச்சத்துல புடிச்சு, கண்ண இடுக்கி, திருப்பித் திருப்பிப் பார்ப்பானுங்க. அதுல பாதி வெலையக் கொறைக்கிறதுக்கான நடிப்பு. மீதிய நீ கத்துக்கலாம். கண்ண இடுக்கிப் பார்த்தா சில்லறைச் சங்கதியெல்லாம் மறைஞ்சு, எங்க இருட்டு எங்க வெளிச்சம்னு ரெண்டே ரெண்டு நிக்கும். அதை மொதல்ல புடி. முடிய ஒவ்வொண்ணா எண்ணுற வேலைய அப்புறம் வச்சிக்க.

சாமான் கதைக்கு வருவோம். இங்கிலீசுக்காரன் பெட்டி வேணும், ஜெர்மன்காரன் பெட்டி வேணும்னு ஒங்கப்பன்கிட்ட அழுததாக் கேள்வி. நாள் சம்பளம் 1,350 ரூபான்னு 2024-ல வர்த்தமானி போட்டாங்க. அந்தப் பெட்டியோட வெலைய அதால வகுத்துப் பார்த்துட்டு அழு. அட்லஸ் பெட்டியில ஆரம்பி. கையி பழகினதுக்குப் பொறகு நல்ல பென்சில ஒண்ணொண்ணா வாங்கலாம். பழுப்பு, மெரூன், கருநீலம், ஒரு காவி. ரோசும் ஊதாவும் மலிவா வாங்கினா வெளிச்சத்துல வெளுத்துரும், அதுக்கு மட்டும் காசு பார்க்காத.

கடதாசியும் அப்பிடித்தான். ஏன் வெள்ளக் கடதாசியிலதான் தொடங்கணும்? கொப்பிக்கு உறை போடுற பிரவுண் பேப்பர் ஒரு தாள் எடு. அப்பாயி கன்னத்துக் கலர்ல பாதிய அதுவே போட்டு வச்சிருக்கு. இருட்டுக்குக் கொஞ்சம், வெளிச்சத்துக்குக் கொஞ்சம், நடுவுல உள்ளது கடதாசி. வெள்ளத் தாளுல கருத்த மொகம் போடுறவன் தாளோட வெள்ளையக் கொல்லுறதுக்கே பாதி நாளச் செலவழிப்பான். ஆனா அது பழகுறதுக்குத்தான். நாள்பட்டா மொறுமொறுன்னு ஒடஞ்சிரும். வச்சிக்கிற படத்துக்கு, பாஸ்டலுக்குன்னே விக்கிற சொரசொரப்பான கலர்க் கடதாசி வாங்கு.

நம்ம மாகாணத்துப் பெருமை ஒண்ணு சொல்றேன். கேகாலைப் பக்கம் போகலையில காரீயச் சுரங்கம் இருக்கு. சிங்களத்துல மினிரன். உலகத்துல வேற எங்கயும் லேசாக் கெடைக்காத சுத்தமான சரக்கு. மொதலாம் உலக யுத்தத்துல இரும்பு உருக்குற மூசைக்குன்னு கப்பல் கப்பலா இந்த நாட்டுக் காரீயம் போச்சு. பென்சிலுக்குள்ள இருக்கிறதும் அதே சாமான்தான். இவ்வளவு பெருமையும் சொல்லிட்டு இப்பச் சொல்றேன் கேளு: கலரு போடப் போற படத்துக்கு அடியில அந்தப் பென்சிலத் தொடாத. கலரோட கலந்து சாம்பலாக்கிரும். எந்தக் கலரு மேல வரப் போகுதோ அதே கலர்ப் பென்சில்லயே லேசாக் கோடு போடு.

பாஸ்டலும் பென்சிலும் சேர்த்துப் போடுறதா இருந்தா, மொதல்ல பாஸ்டல், அப்புறம் பென்சில். மாத்திச் செஞ்சா கடைசி வரைக்கும் மல்லுக்கட்டணும். பாஸ்டல்ல இருக்கிறது நெறத்தூளு, சுண்ணாம்பு, துளி பிசினு, அம்புட்டுதான். கடதாசி சொரசொரப்புல அது குந்தியிருக்கும். கலர்ப் பென்சில்ல மெழுகோ எண்ணெயோ இருக்கு. மெழுகு தேச்ச எடத்துல பாஸ்டல் நிக்காது, வழுக்கிக்கிட்டு வந்துரும். அதனால கன்னம், நெத்தி, கழுத்து, பின்னால உள்ள சொவரு எல்லாத்தையும் பாஸ்டல்ல பூசி, விரலால இல்லாட்டிப் பஞ்சால மெத்துன்னு நீவு. அதுக்கு மேல பென்சில்ல இமை, முடி, சுருக்கம், மூக்குத்தி. தூளு அதிகமானா ஊதாத. இந்த வீட்டுல யாரும் ஊதக் கூடாது, முக்கியமா நான். வெத்தல வாயால ஒரு தடவ ஊதினா அப்பாயிக்கு அம்மை போட்டுரும். தாள நிமித்திப் புடிச்சுப் பின்னால தட்டு. தப்பா விழுந்த எடத்த அழுத்தித் தேய்க்காத. களிமண்ணு கணக்கா உருட்டுற றப்பர் ஒண்ணு விக்குது, அதை வச்சி ஒத்தி எடு. கெடைக்கலைன்னா பாண் நடுவுல உள்ள வெள்ளைய உருட்டி ஒத்து. றப்பரு வர்றதுக்கு முந்தி வெள்ளக்காரனும் பாணாலதான் அழிச்சான். 1876-ல ஏனரத்கொடைக்கு றப்பர்க் கன்னு வந்து, அப்புறம் நம்ம ஆளுங்க கையில பால்வெட்டுக் கத்தி வந்ததெல்லாம் பின்னால நடந்த கதை.

இன்னொண்ணு. மெழுகுப் பென்சில அழுத்திப் போட்ட எடத்துல நாளாக நாளாக வெள்ளையாப் புகை படியும். பயப்படாத, மெல்லிசுத் துணியால தொடச்சாப் போயிரும். பூஞ்சணம் வந்தா போகாது. நம்மூரு மழைக்குச் செருப்பே மொளைக்குது, கடதாசி எம்மாத்திரம். கண்ணாடி போட்டுத்தான் மாட்டணும். கண்ணாடி படத்துல ஒட்டக் கூடாது, நாலு பக்கமும் அட்டை வச்சி எடைவெளி விடச் சொல்லு. இல்லாட்டிப் பாதி அப்பாயி கண்ணாடியோட போயிருவா. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டாத, ஊதுபத்திப் புகை. அடுப்புப் பக்கமும் வேணாம். மிச்சமிருக்கிற ஒரே சொவரு நான் சாஞ்சு உக்கார்ற சொவரு. அதைப் பத்தித் தனியாப் பேசுவோம்.

நம்ம மூஞ்சிய இதுக்கு முந்தி யாருமே புடிக்கலைன்னு நெனைக்காத. ஜூலியா மார்கரெட் கமரூன்னு ஒரு வெள்ளக்காரக் கெழவி, அந்தக் காலத்துல மூஞ்சி புடிக்கிறதுல அவளுக்கு மிஞ்சி ஆளில்ல. டார்வின், டென்னிசன், ஹெர்ஷல்னு பெரிய தலைங்களையெல்லாம் அசையாம உக்கார வச்சவ. புருசனுக்கு இங்க கோப்பித் தோட்டம். 1875-ல கப்பலேறி வரும்போது ஒரு பசுமாட்டையும், இங்க கெடைக்குமோ கெடைக்காதோன்னு ரெண்டு சவப்பெட்டியையும் கூடவே கொண்டாந்தாங்களாம். களுத்துறையில இருந்துக்கிட்டு ஊரு சனத்தையும் தோட்டத்து ஆளுங்களையும் படம் புடிச்சா. மரியான் நோர்த்துன்னு ஒரு ஓவியக்காரி 1877-ல பார்க்க வந்தா, அவளையும் விடல. உச்சி வெயில்ல நிக்க வச்சி, தென்னோலை தலையில குத்தக் குத்த, இயல்பா இருன்னு சொல்லிப் புடிச்சா. 1879 ஜனவரியில டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துலயே கண்ண மூடி, பொகவந்தலாவை வேதக்கோயில்ல அடங்கிட்டா. கொண்டாந்த சாமான் வீண்போகல.

நல்ல படங்கதான், மறுக்கல. ஆனா சீமையில புடிச்சதுக்கெல்லாம் இன்னாரு இன்னாருன்னு பேரு. இங்க புடிச்சதுக்கு 'களுத்துறைக் குடியானவங்க', 'இலங்கைப் பொண்ணு'ன்னு பொதுவாத்தான் பேரு. அப்புறம் வந்த போஸ்ட் கார்டு, தேயிலைப் பெட்டி, விளம்பரம் எல்லாத்துலயும் கொழுந்து பறிக்கிற பொண்ணு சிரிச்சுக்கிட்டே இருக்கா. அவ யாரு வீட்டுப் புள்ளைன்னு பெட்டியில போட மாட்டான். நம்மள ஒழுங்காப் பேரோட புடிச்சது கவுருமெண்டுதான். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பொறகு பாஸ்போட்டுக்கு ஒரு தடவ, ஐடென்டிக்காட்டுக்கு ஒரு தடவ. ஒங்க அப்பாயி வயசுல எப்பிடி இருந்தான்னு காட்ட இருக்கிறது அந்த ஐடென்டிக்காட்டுப் படம் ஒண்ணுதான். அதுல அவ களவெடுத்துட்டு மாட்டின ஆளாத்தான் முழிக்கிறா.

அதுக்காக வெள்ளக்காரன் எல்லாரையும் ஒரே கணக்குல போடாத. லியோடார்னு ஒருத்தன், 1744 வாக்குல வியன்னாவுல, தட்டுல சாக்லேட்டுக் கோப்பையும் தண்ணிக் கிளாசும் தூக்கிட்டுப் போற வேலைக்காரப் பொண்ண பாஸ்டல்ல போட்டான். இப்ப அது ஜெர்மனியில டிரெஸ்டன் நகரத்துல தொங்குது. மகாராணி மரியா தெரேசாவ வரஞ்ச அதே கை. பங்களாவுல தட்டுத் தூக்குற பொண்ணுக்குப் போட்ட ஏப்ரன் மடிப்பக் கூட அவசரமில்லாமப் போட்டிருக்கான். இன்னொருத்தன் சார்டன், பாரிசுக்காரன். எண்ணெய்ச் சாயம் கண்ணுக்கு ஆகாமப் போயி எழுவது வயசுக்கு மேல பாஸ்டல எடுத்தான். 1771-லயும் 1775-லயும் தன் மூஞ்சியத் தானே போட்டான். மூக்குல கண்ணாடி, தலையில துணி, கன்னமெல்லாம் தொங்கிப் போயி. ஒரு சுருக்கத்த ஒளிக்கல. கெழவன் கெழவனா இருந்தா எவ்வளவு லட்சணம்னு அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. கும்பகோணத்துப் பக்கத்து ஓவியக்காரன் இளையராஜா போட்ட பொண்ணுங்களையும் நீதான் காட்டின, 2021-ல கொரோனாவுல போயிட்டானே அந்தப் புள்ளாண்டான். மாநிறமும் கருப்புமா, வீட்டு வாசல்ல, வெளிச்சம் விழுந்த எடத்துல நிக்கிற பொண்ணுங்க. போட்டோ மாதிரியே இருக்குன்னு எல்லாரும் வாயப் பொளந்தாங்க. எனக்கு அந்தப் பாராட்டு புரியிறதில்ல. போட்டோ வேணும்னா டவுன்ல எடுக்கலாமே. அந்தப் பொண்ணு மேல விழுற வெளிச்சத்த எவ்வளவு நேரம் குந்தி பார்த்திருந்தா அப்பிடி வரும்னுதான் எனக்கு யோசனை.

கொழும்புக்குப் போற வாய்ப்புக் கெடைச்சா, கடை கடையா ஏறி எறங்காம பான்ஸ் பிளேசுல சபுமல் மன்றத்துக்குப் போயிட்டு வா. ஹரி பீரிசோட வீடு. மூஞ்சி வரையிறதுல பேரெடுத்த மனுசன், 1943-ல கொழும்புல சேர்ந்த 43 குழுவுல ஒருத்தர். அவருடையதும் அவர் கூட்டாளிங்களுடையதும் சொவரு சொவரா மாட்டியிருக்கு. கிட்ட நின்னு பாரு, யாரும் அடிக்க மாட்டாங்க.

இவ்வளவும் கேட்டுட்டு, அசலான கருப்புல அப்பாயிய ஒழுங்கா வரஞ்சு கொண்டுபோயி அவகிட்டயே நீட்டுவ. என்னா நடக்கும்னு இப்பவே சொல்லி வைக்கிறேன். கொஞ்ச நேரம் உத்துப் பார்ப்பா. "ஏண்டி, என்னைய இம்புட்டுக் கருப்பாவா போடுவ?"ன்னு கேப்பா. ரதி வேசக்காரன் கெட்டான். அப்ப நீ என்னா செய்வ? இந்த எடத்துல ஒனக்குச் சொல்லித் தர எங்கிட்ட ஒண்ணும் இல்ல, கல்யாணம் கட்டுன நாள்லருந்து நானே அவகிட்டத் தோத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணு செய்யலாம். படத்தக் காட்டுறதுக்கு முந்தி, கூடைக் கயித்துத் தடத்தத் தொட்டுக் காட்டி, இது எந்த மலையில வந்துச்சு அப்பாயின்னு கேளு. அவ பேச ஆரம்பிச்சா பொழுது விடிஞ்சிரும், கலர மறந்துருவா. அந்தச் சந்துல கண்ணையும் வாயையும் திருத்திக்க, பேசுற மூஞ்சிதான் வரையிறதுக்கு லாயக்கு. கீழ அவ பேர எழுது. பெரட்டுல கூப்பிட்ட பேரு வேணாம், ஆத்தா அப்பன் வச்ச பேரு.

அடுத்தது என்னைய வரையப் போறியாமே. தாராளமா. சில கண்டிசன் இருக்கு. உக்கார்றதுக்குப் பேர் போடணும், அரைப் பேருக்கெல்லாம் நான் வர மாட்டேன். பன்னெண்டு மணிக்கு மேல உக்கார வச்சா மேலதிகக் கணக்கு. வெத்தல, பாக்கு, பொகையில தோட்டத்துச் செலவு. நரையப் பத்தி நீ கவலைப்பட வேணாம். பிடுங்கி வச்ச கருப்புப் பென்சில அதுக்கு மட்டும் திருப்பித் தர்றேன், மீசை வரைக்கும் அழுத்தியே போடு. நாடிக்குக் கீழ உள்ள சமாச்சாரத்துல நான் இவ்வளவு நேரம் சொன்னத நீ கடைப்புடிச்சாப் போதும். முன்பணத்த இப்பவே குடுத்துட்டியானா டவுனுக்குப் போற பஸ்ஸ எட்டிப் புடிச்சிருவேன்.